தண்ணீரின் இரு கணக்குகள்

காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் "தண்ணீரின் விலை" என்னும் தொடரே செவிக்குச் சற்று ஒவ்வாததாய் இருக்கும். என் ஊர் குத்தாலம். அருவி விழும் குற்றாலம் அன்று. மயிலாடுதுறைக்கு மேற்கே, கும்பகோணம் செல்லும் சாலையில் உள்ள குத்தாலம். அதன் பழம்பெயர் திருத்துருத்தி. துருத்தி என்றால் ஆற்றின் நடுவே அமைந்த திட்டு என்பது பொருள். ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. இத்தகைய ஊரில் வழிப்போக்கனுக்குத் தண்ணீர் தருவது அறம். அதற்குக் காசு கேட்பது இழிவு. கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பதைப் புண்ணியமாகக் கருதிய மக்கள் நாம்.

ஆயினும் குடிக்கும் தண்ணீர் வேறு, தொழிலுக்குப் பயன்படும் தண்ணீர் வேறு என்னும் பாகுபாடும் நம் நாட்டில் புதியதன்று. ஒருவன் தாகத்தைத் தணிக்கும் நீர் ஒரு நெறிக்கு உட்பட்டது. ஒருவனுக்கு ஊதியம் ஈட்டித் தரும் நீர் மற்றொரு நெறிக்கு உட்பட்டது. இந்தப் பாகுபாடு வளர்ந்த வரலாற்றையும், அதில் நெடுங்காலம் எழுதப்படாமல் விடுபட்டுப்போன ஒரு பகுதியையும் பற்றியே இன்று பேசக் கருதுகிறேன்.

விடுபட்ட அப்பகுதியை எனக்குச் சுட்டிக் காட்டியவன் ஒரு சிறுவன். நான் ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், ஒருநாள் வகுப்பில் குழாய்க் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். நீங்கள் எல்லோரும் படித்த கணக்குத்தான். ஒரு குழாய் ஒரு தொட்டியை 4 மணி நேரத்தில் நிரப்பும். மற்றொரு குழாய் அதனை 6 மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் ஒருசேரத் திறந்தால் தொட்டி எப்பொழுது நிரம்பும்? 12 மணி நேரத்தில் நிரம்பும். கரும்பலகையில் விடையை எழுதி முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சார், இரண்டாவது குழாயில் போகிற தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. "அது கணக்கில் கேட்கப்படவில்லை, உட்கார்" என்றேன். அவன் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய கேள்வி மட்டும் இத்தனை ஆண்டுகள் என்னோடு நின்றுகொண்டே இருக்கிறது.

முதலில் பழங்காலத்தைச் சிறிது நோக்குவோம். நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுப்பித்த சூடாமணி விகாரத்திற்கு, முதலாம் இராசராச சோழன் தனது 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். அக்கொடையைக் கூறும் செப்பேடு ஆனைமங்கலச் செப்பேடு எனவும், பெரிய லெய்டன் செப்பேடு எனவும் வழங்கும். அவ்வூரிலிருந்து வரவேண்டிய வரிகளின் நீண்ட பட்டியல் ஒன்று அதில் உள்ளது. அப்பட்டியலில் இரண்டு பெயர்கள் நம் பொருளுக்கு உரியவை. ஒன்று நீர்க்கூலி. மற்றொன்று வண்ணாரப்பாறை. வண்ணாரப்பாறை என்பது துணி வெளுப்போர் துவைக்கும் கல்லுக்கு உரிய வரி என்பர். வீட்டுப் பெண்கள் படித்துறையில் தம் சேலையைத் துவைத்துக்கொள்வதற்கு வரி இல்லை. அதே நீரில், கூலிக்குத் துணி வெளுப்பவருடைய கல்லுக்கு வரி உண்டு. நீரைப் பயன்படுத்துவது ஒன்றே. அது தொழிலாகும்பொழுது ஊருக்கு ஒரு பங்கு தரவேண்டும் என்பது ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இந்தக் கழனி நாட்டில் ஏற்கப்பட்டிருந்தது. அந்தச் சுமை ஏழை வண்ணார்மேல் விழுந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. வரி என்றும் எளியவனை எளிதில் கண்டுபிடித்துவிடும்.

வாங்கியதற்கு ஈடாகக் காக்கும் கடமையும் அக்காலத்தில் இருந்தது. உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஊர்ச்சபையின் குழுக்களுள் ஏரிவாரியம் ஒன்று இருந்ததைக் கூறுகின்றன. ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் ஊரார் குடவோலையால் தேர்ந்தெடுத்த குழு அது. நீரால் வரும் வருவாய் நீரைக் காப்பதற்கும் பயன்பட வேண்டும் என்னும் எண்ணத்தை இங்கே காண்கிறோம்.

இனிக் குழாய் வழியே நீர் வந்த காலத்திற்கு வருவோம். சென்னைப் பட்டினத்தில் 1772இல் ஏழு கிணறு என்னும் இடத்திலிருந்து கோட்டைக்கு நீர் கொண்டுசெல்லப்பட்டது. அது கோட்டையிலிருந்தோர்க்காக அமைந்த ஏற்பாடு. நகர மக்களுக்குச் செங்குன்றம் ஏரியிலிருந்து கால்வாய் வழியே நீர் வந்தது 1872இல். அந்நீர் வடிகட்டப்படாத நீர். மேட்லி என்னும் பொறியாளரின் திட்டப்படி, 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிப்பான்கள் அமைந்த பின்னரே தூய நீர் குழாயில் வந்தது. நீரைத் தூய்மைப்படுத்தவும், எந்திரத்தால் உயர ஏற்றவும், இரும்புக் குழாயில் தெருத்தெருவாகச் செலுத்தவும் பணம் வேண்டும். ஆறு இலவசமாகத் தருவதைக் குழாய் இலவசமாகத் தர இயலாது. இங்கேதான் விலை என்னும் கேள்வி எழுந்தது.

வீடுகளுக்கு விலை வைத்த முறை எளிது. வீட்டின் ஆண்டு மதிப்பைக் கணக்கிட்டு, அதன்மேல் தண்ணீர் வரி விதித்தார்கள். ஆனால் இதே முறையைத் தொழிலுக்கும் பயன்படுத்தினால் என்ன நேரும்? ஒரு சிறிய கொட்டகையில் சோடா ஆலை நடத்துபவன் குறைந்த வரி கட்டிவிட்டு, பெரிய மாளிகையில் நால்வர் வாழும் குடும்பத்தைக் காட்டிலும் நூறு மடங்கு நீரை எடுத்துவிடுவான். ஆகவே இங்கிலாந்தில் 1863ஆம் ஆண்டின் நீர் வழங்கல் சட்டம் வீட்டு உபயோகம் என்பது எது என வரையறுக்கப் புகுந்தது. தொழில், உற்பத்தி, வாணிகம் இவற்றிற்கான நீர் வீட்டு நீர் ஆகாது என்றது. வாடகைக்கு விடும் வண்டியைக் கழுவும் நீரும், தோட்டத்திற்கும் அழகு நீரூற்றுக்கும் விடும் நீரும் வீட்டு நீர் அல்ல என்றது.

இந்தக் கருத்து கப்பலேறி நம் நாட்டிற்கும் வந்தது. 1919ஆம் ஆண்டின் சென்னை நகராண்மைச் சட்டமும், 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் வீட்டு உபயோகத்தை இவ்வாறே பிரித்தன. தொழிலுக்கு, கட்டடம் கட்டுவதற்கு, நீச்சல் குளத்திற்கு எடுக்கும் நீர் வீட்டு நீரில் சேராது. உணவு விடுதியில் தங்குவோரின் நீரும் சேராது. வீட்டுப் பிள்ளைகளின் பாலுக்காக ஒருவர் பசு வளர்த்தால் அது குடிக்கும் நீர் வீட்டு நீர். அதே பசுவின் பாலை விற்றால் அது குடிக்கும் நீர் வாணிக நீர். கேட்பதற்கு நகைப்பாக இருக்கும். ஆனால் ஆழ்ந்து நோக்கினால், வண்ணாரப்பாறைக்கு வரி விதித்த அறிவும் இந்தச் சட்டத்தின் அறிவும் ஒன்றே என்பது விளங்கும். நீர் எதற்காக என்று பாராமல், நீரால் ஊதியம் உண்டா என்று பார்ப்பதே இதன் அடிப்படை.

இவ்வாறு பிரித்தெடுத்த வாணிக நீரை அளக்க ஒரு கருவி வேண்டுமல்லவா? அதுவே அளவி, மக்கள் வழக்கில் மீட்டர். வீட்டிற்கு மதிப்பின்மேல் வரி, தொழிலுக்கு மீட்டரின்மேல் கட்டணம் என்னும் இரட்டை முறை இவ்வாறு உருவாயிற்று. இன்று நகரங்களில் ஒரு தொழிற்சாலை நீர் இணைப்புக் கேட்டால், குழாயின் விட்டத்திற்கு ஏற்ற இணைப்புக் கட்டணம், வைப்புத் தொகை, மாதந்தோறும் மீட்டர் காட்டும் அளவுக்கு ஆயிரம் லிட்டருக்கு இவ்வளவு என்னும் கட்டணம், நீரே எடுக்காவிட்டாலும் செலுத்தவேண்டிய குறைந்த அளவுக் கட்டணம், கழிவுநீரை அகற்றுவதற்கான கூடுதல் கட்டணம் எனப் பலவும் சேரும். மிகுதியாக எடுக்க எடுக்க விலையும் படிப்படியாக ஏறும் முறையும் உண்டு. மாடியில் குடியிருப்பும் கீழே கடையும் உள்ள கட்டடத்தைப் பகுதி வாணிகம் என்று தனியே வகுப்பதும் உண்டு.

வாணிகத்திற்கும் தொழிலுக்கும் கூடுதல் விலை வைப்பதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, அவர்களுக்குத் தர இயலும். இரண்டாவது, அவர்கள் தரும் கூடுதல் தொகையால் ஏழையின் தெருக்குழாயைக் குறைந்த கட்டணத்தில் நடத்த இயலும். மூன்றாவது, விலை இருந்தால்தான் நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் எண்ணம் வரும். இவை மூன்றும் நியாயமானவையே. ஆனால் இவற்றிற்குள்ளேயே ஓர் இடறலும் இருக்கிறது. விலை மிக உயர்ந்தால் தொழிற்சாலை குழாயை விட்டுவிட்டுத் தன் நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும். இல்லையேல் லாரிக்காரரிடம் வாங்கும். கிணற்றுக்கு மீட்டர் இல்லை. வாரியம் வருவாயை இழக்கும். பக்கத்து உழவன் ஊற்றை இழப்பான். இதனைக் கண்டே சென்னைப் பெருநகர்ப் பகுதியில் நிலத்தடி நீரை எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

மேற்கூறிய நியாயமும் இடறலும் ஒருங்கே வெளிப்பட்ட இடம் திருப்பூர். அதனைச் சற்று விரிவாகக் காண்போம். திருப்பூருக்கும் நம் குத்தாலத்திற்கும் என்ன தொடர்பு என நீங்கள் கேட்கலாம். நிலப்படத்தை விரித்து வையுங்கள். வெள்ளியங்கிரி மலைச் சாரலில் தோன்றும் நொய்யல் ஆறு கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர்ப் பக்கம் காவிரியில் கலக்கிறது. பவானி ஆறு நீலகிரிப் பக்கத்து நீரைக் கொண்டுவந்து பவானி நகரில் காவிரியில் கலக்கிறது. இரண்டு ஆறுகளும் சேர்ந்த பின்னர்தான் காவிரி முக்கொம்பைக் கடந்து நம்மிடம் வருகிறாள். ஆதலின் அங்கே நடப்பது நம் வீட்டு மேற்குத் திண்ணையில் நடப்பது போன்றது.

பின்னலாடைத் தொழிலால் திருப்பூர் உலகப் புகழ் பெற்ற ஊர். பனியனைப் பின்னுவதற்கு நீர் வேண்டாம். வெளுக்கவும் சாயம் ஏற்றவும் நீர் வேண்டும். மழை குறைந்த அவ்வூரில் நிலத்தடி நீரும் போதாது. நாளடைவில் அதுவும் சாயக் கழிவால் கெட்டது. சாயப் பட்டறைகள் சுற்றுப்புறச் சிற்றூர்களின் கிணறுகளிலிருந்து லாரியில் நீரை வாங்கின. பயிருக்கு இறைத்த கிணறு பட்டறைக்கு இறைத்தது. நகர மக்களோ சில நாட்களுக்கு ஒருமுறை வரும் குழாய் நீருக்குக் காத்திருந்தனர்.

இந்நிலையில் மாநில அரசின் சார்பிலான நிறுவனமும், ஏற்றுமதியாளர் சங்கமும், நிதி நிறுவனமும் கூடி 1995இல் புதிய திருப்பூர் வட்டார வளர்ச்சிக் கழகத்தை ஏற்படுத்தின. ஏறத்தாழ 1,023 கோடி ரூபாய்த் திட்டம். பவானி ஆற்றில் நீரை எடுத்து, தூய்மைப்படுத்தி, 50 கிலோமீட்டருக்கும் மேலான தொலைவைக் குழாய்வழி கடந்து திருப்பூருக்குத் தருவது நோக்கம். நாள் ஒன்றுக்கு 18.5 கோடி லிட்டர். 2005–06ஆம் ஆண்டளவில் நீர் ஓடத் தொடங்கியது. பொதுமக்களுக்கு நீர் வழங்கும் பணியில் தனியார் முதலீட்டைக் கொண்டுவந்த இந்தியாவின் முதல் முயற்சிகளுள் ஒன்றாக இதனைக் குறிப்பிடுவர்.

இத்திட்டத்தின் உயிர் அதன் விலைப் பட்டியலில் இருந்தது. ஆயிரம் லிட்டருக்குத் தொழிற்சாலை தரவேண்டியது 45 ரூபாய். நகராட்சி தரவேண்டியது 5 ரூபாய். வழியிலுள்ள சிற்றூர்கள் தரவேண்டியது 3 ரூபாய் 50 காசு என வகுத்தனர். குடத்தால் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு குடம் 15 லிட்டர் என்று கொண்டால், பட்டறைக்கு ஒரு குடம் ஏறத்தாழ 67 காசு; நகருக்கு ஏழரைக் காசு; சிற்றூருக்கு ஐந்தேகால் காசு. சாயம் ஏறும் ஒரு குடம், குடிநீர் ஒன்பது குடத்தின் விலையைச் சுமந்தது. லாரி நீரை நம்பியிருந்த பட்டறைக்கு நாள்தோறும் தவறாமல் வரும் மென்மையான ஆற்று நீர் கிடைத்தது. சிற்றூர்ப் பெண்ணுக்குத் தெருமுனையில் நீர் கிடைத்தது. பட்டறை பெற்றதால் சிற்றூரும் பெற்றது. நான் முன்னர் கூறிய மூன்று காரணங்களும் இங்கே செயல்பட்டதைக் காண்கிறோம்.

இங்கே டெல்டா உழவர் ஒருவர் எழுந்து, "பவானி நீரை இடையில் எடுத்துவிட்டால் நமக்குக் குறையாதா?" எனக் கேட்பார். நியாயமான கேள்வி. கணக்கிட்டுப் பார்ப்போம். நாளுக்கு 18.5 கோடி லிட்டர் என்பது வினாடிக்கு ஏறத்தாழ 75 கனஅடி. ஆண்டு முழுவதும் எடுத்தாலும் 2.4 டி.எம்.சி. அளவே ஆகும். மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதில் இது ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. வறட்சி ஆண்டில் அதுவும் நமக்குப் பெரிதே. ஆயினும் நம் வாழ்வைக் குலைக்கும் அளவு அன்று. நாம் அஞ்சவேண்டியது எடுத்த நீரின் அளவைக் குறித்தன்று; திரும்பி வந்த நீரின் தன்மையைக் குறித்தே.

ஏனெனில், சாயப் பட்டறையில் நீர் மறைந்துவிடுவதில்லை. நெல்வயலில் பாய்ந்த நீரைப் பயிர் குடிக்கும், கதிரவன் குடிப்பான், மண் குடிக்கும். சாயத் தொட்டியில் இறங்கிய நீரோ, பெரும்பகுதி அப்படியே உப்பும் சாயமும் சுமந்துகொண்டு வெளியேறும். உள்ளே வரும்பொழுது மீட்டர் அதனை எண்ணியது. வெளியே போகும்பொழுது எண்ணுவார் இல்லை. அது நொய்யலில் இறங்கியது. நொய்யலின் குறுக்கே பாசனத்திற்காகக் கட்டி 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. உழவர்க்கு நீர் தேக்கித் தருவதற்குக் கட்டிய அணையை, நீரைத் தேக்கவே வேண்டாம் என்று அதே உழவர்கள் வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. அணைகளின் வரலாற்றில் இதனினும் துயரமான செய்தி உண்டோ என அறியேன்.

நொய்யல் பாசன உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவு நீர் ஒரு துளியும் வெளியேறாதவாறு செய்யவேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றமும் 2009இல் உழவர் பக்கமே நின்றது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை வலியுறுத்தியது. ஆணை முழுமையாக நிறைவேறாமையால், 2011 ஜனவரி 28ஆம் நாள் சாயப் பட்டறைகளையும் வெளுப்புப் பட்டறைகளையும் மூட உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பட்டறைகளில் உழைத்த ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர்.

இனி நீர் வழங்கும் கழகத்தின் நிலையை எண்ணுங்கள். அதன் வருவாயின் பெரும்பகுதி 45 ரூபாய் தருபவரிடமிருந்து வரவேண்டியது. அவர்களே நின்றுவிட்டால், 5 ரூபாயும் 3 ரூபாய் 50 காசும் கொண்டு கடனை எவ்வாறு அடைப்பது? கழகம் கடும் நிதி நெருக்கடிக்கு உள்ளாயிற்று. பின்னர்ப் பட்டறைகள் கழிவு நீரை மீண்டும் தூய்மைப்படுத்தித் தாமே பயன்படுத்தும் முறையைக் கைக்கொண்டு திறந்தன. அரசும் அதற்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. எடுத்த நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மீட்டுக்கொள்ளும் திறன் இன்று அங்கே வளர்ந்துள்ளது. அவ்வாறு மீட்டபொழுது, அவர்கள் புதிதாக வாங்கவேண்டிய நீர் குறைந்தது. திட்டம் வகுத்தபொழுது எண்ணியிருந்த விற்பனையும் அதனோடு குறைந்தது.

இதில் குற்றம் யாருடையது? விலையை ஒன்பது மடங்காக வைத்தது குற்றமன்று. ஏழைக்குக் குறைத்தது குற்றமன்று. தொழில் வளர்ந்ததும் குற்றமன்று. முதற் குழாய்க்கு மட்டும் விலை வைத்து, இரண்டாவது குழாய்க்கு விலை வைக்காததே குற்றம். என் மாணவன் கேட்ட கேள்வியைக் கேட்காமல் ஒரு பெருந்திட்டமே கணக்கிடப்பட்டது. வகுப்பறையில் விடை பிழைத்தால் ஒரு மதிப்பெண் போகும். அங்கே விடை பிழைத்ததற்கு நொய்யல் கரையின் தென்னந்தோப்புகளும் கிணறுகளும் விலை கொடுத்தன.

இந்தப் பிழைக்கு மாற்று உண்டா? உண்டு. அதனைச் சென்னையில் காணலாம். 1978இல் அமைந்த சென்னைப் பெருநகர் குடிநீர் வாரியம், நீர் வழங்குவதையும் கழிவுநீர் அகற்றுவதையும் ஒரே கையில் வைத்துக்கொண்டது. இஃது ஒரு நல்ல ஏற்பாடு. நீர் தருபவரே அது போகுமிடத்தையும் பார்க்கவேண்டும். வடசென்னையில் மணலிப் பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் பிறவும் உள்ளன. அவற்றிற்கான நீர் மீஞ்சூர்ப் பக்கத்துக் கிணறுகளிலிருந்து சென்றது. அளவுக்கு மீறி இறைத்ததால் அங்கே கடல்நீர் உட்புகுந்தது. நகரில் பற்றாக்குறை வந்தபொழுதெல்லாம், மக்களுக்கா ஆலைக்கா என்னும் கேள்வி எழுந்தது. 1990களின் தொடக்கத்தில் அங்குள்ள சென்னைச் சுத்திகரிப்பு ஆலையும் சென்னை உர ஆலையும் ஒரு துணிவான செயலைச் செய்தன. கொடுங்கையூரில் வாரியம் ஓரளவு தூய்மை செய்த நகரக் கழிவுநீரை வாங்கி, தம் ஆலையில் மென்சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி, உப்பு நீக்கிப் பயன்படுத்தின.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். எறியப்பட்ட நீருக்கு விலை வந்தது. குளித்துக் கழித்த நீரை வாரியம் விற்றது, ஆலை வாங்கியது, அந்த அளவுக்குக் குடிக்கும் நீர் மக்களுக்கு மிஞ்சியது. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரைத் தொழிலுக்கேற்ற நீராக்கும் இரு பெரு நிலையங்களை வாரியமே தொடங்கியது. முதலாவது மணலிப் பக்கத்து ஆலைகளுக்கு. இரண்டாவது இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளின் ஆலைகளுக்கு.

அதே 2019ஆம் ஆண்டின் கோடையைச் சென்னை மறக்காது. ஏரிகள் வறண்டன. உணவு விடுதிகள் சமையலைக் குறைத்தன. அலுவலகங்கள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே பணி செய்யச் சொல்லின. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அது காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்து நீர். அதற்கு முன்னரே, 2004இலிருந்து, வீராணம் ஏரியின் நீர் குழாய்வழி சென்னை செல்கிறது. பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் இராசாதித்தன் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் அவ்வேரிக்கு, நமக்கு வடக்கே உள்ள அணைக்கரையிலிருந்து வடவாறு வழியே கொள்ளிட நீர் போய்ச் சேர்கிறது. ஆகவே தலைநகர் குடிக்கும் நீரில் நம் பங்கும் உண்டு. குடிக்கக் கொடுப்பதற்கு எந்த டெல்டாக்காரரும் மறுக்கமாட்டார். ஆனால், அங்கே ஓர் ஆலை கழிவுநீரைக் கொண்டு இயங்கும்பொழுதெல்லாம் காவிரியில் ஒரு பங்கு மிஞ்சுகிறது என்பதையும், இயங்காதபொழுதெல்லாம் ஒரு பங்கு குறைகிறது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

நம் தமிழ் மக்கள் பலர் வாழும் சிங்கப்பூரும் இவ்வழியில் முன்னே சென்றுள்ளது. 1962இல் ஜொகூருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி அயல்நாட்டு ஆற்றையே பெரிதும் நம்பியிருந்த அந்நாடு, 2003இலிருந்து கழிவுநீரைப் புதுநீராக்கி, அதில் பெரும்பகுதியைத் தொழிற்சாலைகளுக்கும் கட்டடக் குளிரூட்டலுக்கும் விற்கிறது. ஆறில்லாத நாடு கற்ற பாடத்தை, ஆறுள்ள நாடு கற்கக் கூசவேண்டியதில்லை.

நேயர்களே, வரலாற்றின் ஓட்டத்தைத் தொகுத்துக் கூறுவேன். சோழர் காலத்து ஊர், தொழிலுக்குரிய கல்லின்மேல் வரி கண்டது. ஆங்கிலேயர் காலத்துச் சட்டம், வீட்டு நீர் எது, வாணிக நீர் எது என்று கோடு கிழித்தது. மீட்டர் அதனை அளந்தது. திருப்பூர்த் திட்டம், ஈட்டுபவன் தரும் காசால் ஏழைக்கு நீர் தரலாம் எனக் காட்டியது. போகும் நீரைக் கணக்கில் சேர்க்காவிடில் முழுத் திட்டமும் நொடிந்துபோகும் எனவும் காட்டியது. சென்னை, போகும் நீரே வரும் நீராகலாம் எனக் காட்டியது. இனித் தொழிற்சாலைக்கு நீர் தரும் எவரும் இரண்டு கணக்கு எழுதவேண்டும். எவ்வளவு நீர் சென்றது என்பது ஒன்று. எவ்வளவு நீர், எத்தன்மையில் திரும்பியது என்பது மற்றொன்று. முதற்கணக்கை மட்டும் எழுதுபவர் தண்ணீரை விற்பவர். இரண்டையும் எழுதுபவரே தண்ணீரைக் காப்பவர்.

மேட்டூர் திறந்த சில நாட்களில் புதுநீர் எங்கள் ஊர்ப் படித்துறையைத் தொடும். முதியோர் சிலர் இறங்கி, கையில் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வர். அந்தக் கைப்பிடி நீர் எத்தனை ஊர்களைக் கடந்து, எத்தனை தொட்டிகளில் இறங்கி ஏறி, இங்கே வந்து சேர்ந்தது என அப்பொழுது யாரும் கேட்பதில்லை. அன்று கேட்டவன் ஒருவன் இருந்தான். அவனை நான் உட்காரச் சொன்னேன். இன்று என் எதிரில் அவன் வருவானாயின், "உன் கேள்வி கணக்கில் இருந்தது, தம்பி, நான்தான் அதைப் படிக்கவில்லை" என்று கூறுவேன்.